ஒரு கங்கையின் இரு கரைகள்: மகியங்கனைக்கு ஒரு பயணம்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டுச் சொற்பொழிவு வரிசையில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு விழாவிலே பேச ஒரு தலைப்புத் தா என்று செயலாளர் கேட்டபோது, "மகியங்கனை" என்று சொன்னேன். தொலைபேசியின் மறுபக்கத்தில் சற்று நேரம் சத்தமில்லை. பிறகு, "அக்கா, அதுக்கும் எங்கட பள்ளிக்கூடத்துக்கும் என்ன தொடர்பு?" என்று கேட்டா. நியாயமான கேள்வி. அந்தக் கேள்விக்கு விடை சொல்லத்தான் இன்று உங்கள் முன் நிற்கிறேன். கேட்டு முடிந்ததும் தொடர்பு உண்டா இல்லையா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வருகின்ற எங்கள் பிள்ளைகளின் சுற்றுலாப் பாதை எல்லோருக்கும் தெரிந்ததே. கொழும்பில் இறங்குவது, கண்டிக்குப் போவது, நுவரெலியாவிலே குளிர் காய்வது, எல்லவில் ஒன்பது வளைவுப் பாலத்தில் நின்று படம் எடுப்பது, பிறகு ஊருக்கு வந்து கோயில், கலியாணவீடு, உறவினர் வீட்டுச் சாப்பாடு. மகியங்கனை இந்தப் பாதையில் இல்லை. கண்டியிலிருந்து கிழக்கே ஏறத்தாழ எழுபத்தைந்து கிலோமீற்றர் தூரத்தில், ஊவா மாகாணத்தில், பதுளை மாவட்டத்தின் வடக்கு ஓரத்தில், மகாவலி கங்கைக் கரையிலே அது அமைதியாக இருக்கிறது.

சென்ற ஆண்டு நாங்கள் ஒன்பது பேர், ஒரே வகுப்பில் படித்தவர்கள், ஒரு வான் பிடித்து அங்கே போனோம். அந்தப் பயணத்தின் கதையை முழுவதும் சொல்லப் போவதில்லை. ஒன்பது பெண்கள் ஒரு வானில் போனால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். நாங்கள் கண்டதும், திரும்பி வந்து தேடிப் படித்ததுமான சில விடயங்களை மட்டும் சொல்கிறேன்.

கண்டியிலிருந்து திகன, தெல்தெனிய, ஹுன்னஸ்கிரிய வழியாகப் பாதை போகிறது. வலப்பக்கம் விக்டோரியா நீர்த்தேக்கம் நீலமாகத் தெரியும். குளிர்ந்த மலை திடீரென்று முடிந்து, பாதை பாம்புபோல் கீழே இறங்கத் தொடங்குகிறது. இதுதான் புகழ்பெற்ற பதினெட்டு வளைவு. இப்போது பாதையைத் திருத்தியதில் ஒரு வளைவு குறைந்துவிட்டது என்கிறார்கள். பெயர் மட்டும் குறையவில்லை. மேலே சுவெற்றர் போட்டுக்கொண்டு ஏறியவர்கள் கீழே இறங்கும்போது அதைக் கழற்றிவிடுவார்கள். ஈர வலயம் முடிந்து உலர் வலயம் தொடங்குகிறது. எட்டாம் வகுப்பில் படத்தில் கோடு கீறிப் படித்த அந்த எல்லையை உடம்பாலே உணரலாம். கீழே விரிகின்ற சமவெளிதான் பழைய பிந்தென்ன.

மகாவலி இந்த நாட்டின் மிக நீளமான ஆறு, 335 கிலோமீற்றர். மத்திய மலைநாட்டில் பிறந்து, கம்பளை, பேராதனை, கண்டி என்று வந்து, ரந்தெனிகல, ரந்தம்பே, மினிப்பே தாண்டி, மலையின் பிடியிலிருந்து விடுபட்டு வடக்கே திரும்புகிற இடத்தில்தான் மகியங்கனை இருக்கிறது. அவசரமாக ஓடி வந்த ஆறு அங்கே மூச்சு வாங்குகிறது. அகலமான நீர்ப்பரப்பு, கரையிலே பெரிய மருத மரங்கள், குளிக்கும் பிள்ளைகள். பழைய நாளில் இந்த ஊருக்கு அலுத்நுவர என்றும் பெயர் இருந்தது.

பௌத்த மக்களுக்கு இது மிகப் புனிதமான தலம். புத்தர் ஞானம் பெற்ற ஒன்பதாவது மாதத்திலே, முதன்முறையாக இலங்கைக்கு வந்த இடம் இதுவென்று மகாவம்சம் சொல்கிறது. கங்கைக் கரையில் இயக்கர்கள் கூடியிருந்த சோலைக்கு வந்தார் என்றும், சமனல மலையின் தெய்வமான சமன் தேவருக்குத் தமது கேசத்தைக் கொடுத்தார் என்றும், அதை வைத்து எழுந்த தாதுகோபம் இதுவென்றும் அந்நூல் கூறும். பின்னர் சரபு என்ற தேரர் புத்தரின் எலும்புத் தாதுவைக் கொண்டுவந்து வைத்ததாகவும், துட்டகைமுனு மன்னன் அதை எண்பது முழ உயரத்துக்குப் பெருப்பித்ததாகவும் அதே நூல் சொல்கிறது. யாத்திரிகர்கள் வணங்கும் பதினாறு பெருந்தலங்களில் இதுவும் ஒன்று. 1602ஆம் ஆண்டு மட்டக்களப்பில் இறங்கிய ஒல்லாந்தத் தளபதி ஸ்பில்பேர்கன் கண்டி மன்னனைக் காணப் போன வழியில் இந்த ஊரைக் கடந்தான். இங்கே கண்ட பெரிய வெண்ணிறத் தூபியைப் பற்றி அவனது பயணக் குறிப்பில் வருகிறது. மட்டக்களப்புத் துறைக்கும் கண்டி அரண்மனைக்கும் நடுவிலே இருந்த வழித்தங்கல் இது. எங்கள் கீழ்க்கரையிலிருந்து மலைநாட்டுக்குப் போன உப்பும் கருவாடும் பெரும்பாலும் இந்தப் பக்கமாகத்தான் போயிருக்கும் என்று நினைத்தபோது, அந்த ஊர் எனக்கு அந்நியமாகத் தெரியவில்லை.

நாங்கள் விகாரைக்குப் போன நேரம் மாலை ஐந்து மணி. வெள்ளை உடுப்போடு சில குடும்பங்கள், கையிலே தாமரையும் அலரியும். பெரிய முற்றம் முழுவதும் வெண்மணல். யாரும் எங்களைப் பார்த்து, நீங்கள் யார், எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்கவில்லை. ஒரு முதிய அம்மா மட்டும் தன் தட்டிலிருந்து நாலு பூவை எடுத்து எங்கள் கையில் தந்து, தூபியைக் காட்டினா. அவவுக்குத் தமிழ் தெரியாது. எங்களில் பாதிப் பேருக்குச் சிங்களம் தெரியாது. பூவுக்கு மொழி வேண்டியிருக்கவில்லை.

ஆனால் நான் இன்று முக்கியமாகப் பேச வந்தது தூபியைப் பற்றி அல்ல. அதற்கு முன்னிருந்தே அந்தக் காட்டில் வாழ்ந்தவர்களைப் பற்றி.

மகியங்கனையிலிருந்து மட்டக்களப்புத் திசையாகப் போகும் பாதையில் ஏறத்தாழ இருபது கிலோமீற்றர் போனால் தம்பானை என்ற கிராமம் வரும். நாங்கள் வேடுவர் என்று சொல்லும் மக்கள் அங்கே வாழ்கிறார்கள். அவர்கள் தங்களைச் சொல்லும் பெயர் 'வன்னியல எத்தோ'. காட்டைச் சேர்ந்தவர்கள் என்பது அதன் பொருள். நீண்டகாலம் அவர்களுக்குத் தலைவராக இருந்த திசாஹாமி 1998இல் காலமானார். அவருக்குப் பின் அவரது மகன் ஊருவரிகே வன்னிலா எத்தோ தலைவரானார். தோளிலே சிறு கோடரி தொங்க, நரைத்த தாடியோடு அவர் நிற்கும் படத்தைப் பத்திரிகைகளில் நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

'வரிகே' என்றால் குலம். ஊரு, மொரானா, உனாபானா, நமுதா என்று பல வரிகேக்கள் உண்டு. 1907, 1908ஆம் ஆண்டுகளில் செலிக்மன் தம்பதியர் இங்கே தங்கி ஆய்வு செய்து 1911இல் வேடரைப் பற்றிய பெரிய நூலை வெளியிட்டார்கள். கணவர் சார்ள்ஸ், மனைவி பிரெண்டா. இருவர் பெயரும் நூலிலே உண்டு. அவர்கள் கண்ட சில குழுக்களில் குலம் தாய்வழியாகவே வந்தது. பிள்ளை தாயின் வரிகேயைச் சேரும். இதைப் படித்தபோது எங்களோடு வந்த மட்டக்களப்புத் தோழி, "இதென்ன புதினம்? எங்கட ஊரிலயும் குடி தாய் வழிதானே!" என்றாள். உண்மைதான். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் குடிவழி தாயைக் கொண்டே எண்ணப்படுகிறது. யாரிடமிருந்து யார் கற்றார் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அடுத்தடுத்து வாழ்ந்த மக்கள் ஒருவரை ஒருவர் தெரியாமல் வாழவில்லை என்பது மட்டும் தெளிவு.

இன்னொன்றையும் உங்களுக்குச் சொல்லாமல் விடமுடியாது. எங்கள் கலியாணத்தில் ஆண் பெண்ணின் கழுத்தில் தாலி கட்டுகிறான். பழைய வேடர் வழக்கத்திலே, பெண் தானே திரித்த கயிற்றை ஆணின் இடுப்பிலே கட்டுவாள். அதுதான் திருமணம் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டுக் குறிப்புகள் சொல்கின்றன. இதை வானுக்குள்ளே வாசித்துக் காட்டியபோது எழுந்த சிரிப்பில் சாரதி ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

சிரிப்பை விட்டு இனி விடயத்துக்கு வருவோம்.

இந்த மக்களுக்கு என்ன நடந்தது என்பதை அறிய, நாட்டின் குடிசன மதிப்பீட்டைப் பாருங்கள். 1911இல் வேடர் என்று பதியப்பட்டவர்கள் ஏறத்தாழ 5,300 பேர். 1946இல் சுமார் 2,400. 1953இல் சுமார் 800. 1963இல் சுமார் 400. கணக்கைப் பார்த்தால் பெரும் கொள்ளைநோய் வந்து அள்ளிக்கொண்டு போனது போல் இருக்கும். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. மனிதர்கள் இருந்தார்கள், அவர்களின் பெயர் மாறியது. உள்நாட்டிலே இருந்தவர்கள் சிங்களவர் என்று எழுதப்பட்டார்கள். கரையோரத்தில் இருந்தவர்கள் தமிழர் என்று எழுதப்பட்டார்கள். பிறகு வந்த குடிசன மதிப்பீடுகளில் அவர்களுக்கென்று தனி நிரலே இல்லாமற் போயிற்று. ஒரு மக்கள் கூட்டத்தை இல்லாமல் செய்வதற்கு ஒரு படிவத்தில் ஒரு கட்டத்தை எடுத்துவிட்டாலே போதும் என்பதை அன்றுதான் விளங்கிக்கொண்டேன்.

அடுத்தது காடு. 1970களின் கடைசியில் துரித மகாவலித் திட்டம் தொடங்கியது. நாட்டுக்கு மின்சாரமும் வயலுக்குத் தண்ணீரும் தந்த பெரிய திட்டம் அது. அதன் பயனை நாங்கள் எல்லோரும் அனுபவிக்கிறோம். ஆனால் அணைகளுக்கும் வயல்களுக்கும் குடியேற்றங்களுக்கும் காடு போனது. மீதியிருந்த காட்டைக் காப்பதற்காக 1983ஆம் ஆண்டு நவம்பரில் மாதுறு ஓயா தேசியப் பூங்கா பிரகடனப்படுத்தப்பட்டது. அதனோடு அந்தக் காட்டுக்குள்ளே தலைமுறை தலைமுறையாக வேட்டையாடித் தேனெடுத்துச் சேனை செய்து வாழ்ந்த குடும்பங்கள் ஹெனானிகல போன்ற குடியேற்றங்களுக்கு மாற்றப்பட்டன. வயலும் வீடும் கொடுத்தார்கள். திசாஹாமியும் சில குடும்பங்களும் மட்டும் போக மறுத்துத் தம்பானையிலேயே இருந்துவிட்டார்கள். நேற்றுவரை தன் முற்றமாக இருந்த காட்டுக்குள்ளே ஒருவன் இன்று வில்லோடு போனால், அவன் சட்டத்தின் கண்ணில் குற்றவாளி.

காடு காக்கப்பட வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. யானைக்கும் இடம் வேண்டும். ஆனால் அந்தக் காடு அத்தனை காலம் காடாக இருந்ததற்குக் காரணமானவர்கள் யார்? அவர்களைக் கேட்காமலே காடு காப்பது எப்படி? இந்தக் கேள்வியோடுதான் வன்னிலா எத்தோ 1996இல் ஜெனீவாவுக்குப் போய், ஐக்கிய நாடுகளின் பழங்குடி மக்கள் பற்றிய குழுவின் முன் பேசினார். 2020இல், பொல்லேபெத்தை, ரம்புக்கன் ஓயாப் பகுதியிலே சோளச் செய்கைக்காகக் காடு அழிக்கப்படுவதற்கு எதிராகச் சூழல் அமைப்பொன்றோடு சேர்ந்து மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கும் போனார். பூங்கா வேண்டுமென்று வேடரை வெளியேற்றிய நாட்டிலே, காட்டை வெட்டாதே என்று வழக்குப் போட்டவரும் வேடர்தான்.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். தம்பானை மக்கள் பேசுவது பழைய சிங்களத்தோடு கலந்த ஒரு தனி மொழி. பெரியவர் ஒருவர் எங்கள் இரு கைகளையும் முழங்கைக்குக் கீழே பற்றிக்கொண்டு "ஹொந்தமயி" என்றார். நலமா என்று கேட்பதும் நலமே என்று சொல்வதும் அதுவே. அங்கே அரும்பொருட் காட்சியகம் ஒன்று உண்டு. வில், அம்பு, மான்தோல், தேன் எடுக்கும் கொடியேணி எல்லாம் வைத்திருக்கிறார்கள். ஆனால் பிள்ளைகள் பாடசாலையில் படிப்பது சிங்களத்தில். விளையாடுவதும் சிங்களத்தில். எங்களுக்கு வழிகாட்டிய இளைஞன் சொன்னான்: "தாத்தா கனவு காண்பது எங்கள் பாஷையில். நான் கனவு காண்பது சிங்களத்தில்." மொழிபெயர்த்துச் சொன்ன எங்கள் தோழி, ரொறொன்ரோவிலே முப்பது வருடமாக இருப்பவள், அதைச் சொல்லி முடித்ததும் யன்னலோரம் போய் நின்றுவிட்டாள். அவளுடைய பேரப்பிள்ளைகள் எந்த மொழியில் கனவு காண்கிறார்கள் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

இனி எங்கள் பக்கத்துக்கு வருகிறேன்.

மகியங்கனையைக் கடந்த மகாவலி வடக்கே ஓடி, மனம்பிட்டி தாண்டி, கடலை நெருங்கும்போது கிளை பிரிகிறது. ஒரு கிளை திருகோணமலைக் கொட்டியாரக் குடாவிலே விழுகிறது. மற்றக் கிளைக்கு வெருகல் ஆறு என்று பெயர். அதன் கரையிலே வெருகல் சித்திரவேலாயுத சுவாமி கோயில் இருக்கிறது. கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் தங்கிப் போகும் தலம். அந்த வெருகலிலிருந்து வாகரை, அதற்குத் தெற்கே என்று கடற்கரை ஓரமாகப் பல கிராமங்களில் வேடர் வாழ்கிறார்கள். இவர்கள் பேசுவது தமிழ். செலிக்மன் தம்பதியர் நூறு வருடத்துக்கு முன்பே இவர்களைக் 'கரையோர வேடர்' என்று தனியாகக் குறித்து எழுதினார்கள். மீன்பிடி, சேனை, தேன், கூலிவேலை என்பன இவர்கள் வாழ்வு. குமாரதெய்வத்துக்கு இவர்கள் எடுக்கும் சடங்கிலே இன்னமும் வில்லும் அம்பும் உண்டு. யுத்தத்தாலும் 2004ஆம் ஆண்டுச் சுனாமியாலும் அந்தக் கரை எவ்வளவு அடிபட்டது என்பது உங்களுக்குத் தெரியும்.

ஆக, மேலே மகியங்கனையில் சிங்களம் பேசும் வேடர். கீழே கடல்முகத்தில் தமிழ் பேசும் வேடர். நடுவிலே ஓடுவது ஒரே கங்கை. உள்நாட்டு வேடரைப் பார்க்க வெள்ளைக்காரன் விமானம் ஏறி வருகிறான். அவர்களைப் பற்றி நூல்கள் வருகின்றன. அமைச்சர்கள் போய்ப் படம் எடுக்கிறார்கள். கரையோர வேடரைப் பார்க்க யாரும் போவதில்லை. அவர்கள் எங்கள் மொழியைப் பேசுவதால், 'இவர்கள் என்ன வேடர்?' என்று நாங்களே கேட்கிறோம். அவர்கள் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்தால், 'இவர்கள் வேடர்தானே' என்றும் நாங்களே சொல்கிறோம். இரண்டும் ஒரே வாயிலிருந்து வருகிறது.

எங்கள் சமயம் வேடரைப் பற்றி என்ன சொல்லித் தந்தது? கண்ணப்ப நாயனார் யார்? வேடர். நாயன்மார் அறுபத்து மூவரில், தன் கண்ணையே பிடுங்கி இறைவனுக்கு வைத்தவர். இராமன் தன் தம்பியாக ஏற்றுக்கொண்ட குகன் யார்? வேடர் தலைவன். வள்ளி அம்மனை வளர்த்தவர் நம்பிராஜன், வேடர் தலைவன். கதிர்காமத்திலே வேடர் தங்களை வள்ளியின் உறவினர் என்கிறார்கள். முருகன் அவர்கள் வீட்டு மாப்பிள்ளை. மண்டூர்க் கந்தசுவாமி கோயிலிலே கதிர்காமத்தைப் போலவே வாய்கட்டிப் பூசை நடக்கிறது. அதைச் சின்னக் கதிர்காமம் என்கிறோம். கோயிலிலே கும்பிடும்போது வேடர் உறவினர். வகுப்பிலே பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தால் வேடர் வேறு ஆள். 'வேடன்', 'காட்டான்' என்ற சொற்களை எங்கள் வீடுகளில் எதற்குப் பாவிக்கிறோம் என்று உங்களுக்கே தெரியும்.

வரலாறும் இதைத்தான் சொல்கிறது. 1817, 18ஆம் ஆண்டுகளில் ஊவா வெல்லஸ்ஸையில் ஆங்கிலேயருக்கு எதிராகக் கிளர்ச்சி வெடித்தபோது பிந்தென்ன வேடரின் வில்லும் அதிலே சேர்ந்தது. அந்தக் கிளர்ச்சியில் அரசனாக முன்னிறுத்தப்பட்டவர் தன்னை நாயக்கர் வம்சத்துத் துரைசாமி என்று அறிவித்தவர். காட்டிலிருந்த வேடரும், மலைநாட்டுச் சிங்களவரும், ஒரு தமிழ்ப் பெயரும் ஒரே கொடியின் கீழ் வந்த காலம் அது. பேராசிரியர் கணநாத் ஒபேசேகர 2022இல் வெளியிட்ட நூலிலே, கண்டி இராச்சியத்தின் பல பகுதிகளில் வேடர் பரந்து வாழ்ந்தார்கள் என்றும், காட்டு மனிதர் என்ற படம் பின்னாளில் எழுதப்பட்ட படம் என்றும் விளக்குகிறார். அவர்கள் எங்களிடமிருந்து தூரத்தில் இருக்கவில்லை. தூரத்தை நாங்கள்தான் எழுதிக்கொண்டோம்.

இந்த மண்டபத்திலே இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஒரு பெண் பிள்ளைகள் பாடசாலைக்கு நூறு வயது ஆகிறது என்பதன் பொருள் என்ன என்று யோசித்துப் பார்த்தேன். நூறு வருடத்துக்கு முன்னே, "பொம்பிளைப் பிள்ளைக்குப் படிப்பு எதற்கு?" என்று கேட்ட ஊரிலே இந்தக் கதவைத் திறந்தார்கள். எங்கள் அம்மம்மாமார் அந்தக் கதவால் உள்ளே வந்தார்கள். ஒரு கதவு திறந்தால் போதாது. யார் இன்னமும் வெளியே நிற்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். இன்று வாகரைப் பக்கத்திலே ஒரு வேடர் வீட்டுப் பெண் பிள்ளை பத்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறாள் என்றால், அவள் எங்களுடைய அம்மம்மா நின்ற அதே இடத்தில் நிற்கிறாள்.

ஆகவே சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன்.

முதலாவது, போங்கள். மகியங்கனைக்குப் போங்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். தூபியைப் பார்த்துவிட்டு அருகே உள்ள சொரபொர வாவியைப் பாருங்கள். புலத்தா என்ற பெருவீரன் கட்டியதாகக் கதை சொல்கிறது. இயற்கைப் பாறையையே வெட்டிக் கலிங்கு அமைத்திருக்கிறார்கள். இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தியது என்று சொல்லும் அந்த வேலையின் முன் நின்றால் பொறியியல் படிக்கும் பிள்ளைகளும் சற்று வாயடைத்துப் போவார்கள். பிறகு தம்பானைக்குப் போங்கள். ஆனால் மிருகக்காட்சிச்சாலைக்குப் போவது போல் போகவேண்டாம். முதலில் பெரியவரைக் கண்டு வணக்கம் சொல்லுங்கள். கேட்காமல் படம் எடுக்கவேண்டாம். முக்கியமாகப் பெண்களையும் குழந்தைகளையும். அவர்கள் வீட்டுப் பெண்கள் வெளியாருக்கு முன் அதிகம் வருவதில்லை, அதை மதியுங்கள். மதுவும் சிகரட்டும் கொண்டுபோய்க் கொடுப்பது அன்பு அல்ல. தேனோ கைவேலைப் பொருளோ வாங்கினால் பேரம் பேசாமல் வாங்குங்கள். நெருப்புக் கடைந்து காட்டச் சொல்வதற்கு முன்னால், இந்த வருடம் மழை எப்படி, பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்று கேளுங்கள். நாங்கள் அப்படிக் கேட்டபோது, அந்த இளைஞன் அரைமணி நேரம் பேசினான். நெருப்புக் கடைவதை நாங்கள் பார்க்கவே இல்லை. அதற்காக யாரும் வருந்தவில்லை.

இரண்டாவது, வெருகலுக்கும் போங்கள். அது மகாவலியின் மறுகரை. ஆடி வேல் காலத்திலும் கதிர்காம யாத்திரைக் காலத்திலும் கோயிலுக்குப் போகிறவர்கள் பலர் எங்களுக்குள்ளே உண்டு. கோயிலோடு நில்லாமல் சுற்றியுள்ள கிராமத்துக்கும் போய் வாருங்கள். அங்கே பெரியவர்களுக்குத் தெரிந்த பாட்டும் சடங்கும் மருந்தும் இன்னும் இருபது வருடத்தில் இருக்கும் என்று சொல்ல முடியாது. எங்கள் சங்கத்திலே ஆசிரியைகள் இருக்கிறார்கள், பல்கலைக்கழக விரிவுரையாளர்கள் இருக்கிறார்கள், வைத்தியர்கள் இருக்கிறார்கள். கையிலே இருக்கும் தொலைபேசியிலே ஒலிப்பதிவு செய்யலாம். அனுமதி கேட்டு, அவர்களின் பெயரைப் போட்டு, பதிவின் ஒரு பிரதியை அவர்கள் கிராமத்துப் பாடசாலைக்குக் கொடுங்கள். எடுத்துக்கொண்டு ஓடிவர வேண்டாம்.

மூன்றாவது, நூற்றாண்டு நிதியைப் பற்றி. புலமைப்பரிசில் நிதியை இந்த ஆண்டு பெருப்பிக்கப் போகிறோம் என்று தலைவி அவர்கள் அறிவித்தா. அதிலே ஒரு சிறு பங்கைக் கரையோர வேடர் கிராமங்களின் பெண் பிள்ளைகளுக்கு ஒதுக்கும்படி கேட்கிறேன். எங்கள் கல்லூரிக்கு வந்துதான் படிக்க வேண்டும் என்று நிபந்தனை வைக்கவேண்டாம். அவர்கள் ஊருக்கு அருகிலுள்ள பாடசாலையிலே, உயர்தரம் வரை படிப்பதற்குப் போக்குவரத்துச் செலவும் கொப்பியும் சப்பாத்தும் போதும். ஒரு பிள்ளை எழும்பிவிட்டால் அடுத்த பிள்ளையை அவளே கூட்டி வருவாள். நாங்களும் அப்படித்தானே வந்தோம். அக்காவின் பழைய சீருடையைத் தங்கை போட்டுக்கொண்டு.

அந்தப் பிள்ளை படிவம் நிரப்பும்போது தன் குலத்தை மறைக்காமல் எழுத வேண்டும் என்பதும் என் ஆசை. எழுதினால் யாரும் சிரிக்க மாட்டார்கள் என்று அவளுக்கு நம்பிக்கை வரவேண்டும். அந்த நம்பிக்கையைப் பணத்தால் கொடுக்க முடியாது. அதைக் கொடுக்க வேண்டியவர்கள் வகுப்பிலே பக்கத்தில் உட்காரும் பிள்ளைகள். அந்தப் பிள்ளைகளை வளர்க்கிறவர்கள் நாங்கள்.

செயலாளர் கேட்ட கேள்விக்கு என் விடை இதுதான். ஒரு கங்கை மலையிலே பிறந்து, ஒரு பௌத்தத் தலத்தின் பக்கமாகப் போய், காட்டு மக்களின் சேனை ஓரமாக நடந்து, ஒரு முருகன் கோயில் வாசலிலே கடலோடு சேர்கிறது. அதன் கரைகளில் இருக்கிறவர்களை நாங்கள் மூன்று பெட்டியில் போட்டு மூடிவைத்தோம். கங்கைக்கு அந்தப் பெட்டிகள் தெரியாது. எங்கள் பிள்ளைகளுக்கும் அவை தெரியாமல் வளர வழிசெய்வோம்.

தோழிகளே, டிசம்பரில் திரும்பி வரும் விமானச் சீட்டை எடுக்கும்போது இரண்டு நாளைக் கூட்டி எடுங்கள். அடுத்த பயணத்துக்கு வானில் இடம் உண்டு. பெயரைச் செயலாளரிடம் கொடுங்கள். சாரதியிடமும் சொல்லிவைத்திருக்கிறேன், இந்த முறையும் சத்தமாகத்தான் இருக்கும் என்று.

நூறு ஆண்டு கண்ட எங்கள் தாய்க் கல்லூரி இன்னும் பல நூறு ஆண்டு வாழட்டும்.